நிலக்கரியில் வோலடைல் எண் தவறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நிலக்கரி ஆய்வகத்தில் ஈரம், சாம்பல், வோலடைல் (சூட்டில் வாயுவாகப் பிரிந்து போகும் பகுதி) மூன்றும் தினசரி வேலை. முதல் இரண்டும் பெரும்பாலும் சொன்ன பேச்சு கேட்கும். தகராறு வருவது மூன்றாவதில்தான். ஒரே பொட்டலத்து மாதிரிக்குக் காலையில் 31% வரும், மாலையில் 33% வரும். எதை அறிக்கையில் எழுதுவது என்று தெரியாமல் கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

சாம்பல் எரிந்து முடிந்தால் முடிந்தது. இன்னும் அரை மணி நேரம் உலையில் வைத்தாலும் எடை மாறாது. வோலடைல் அப்படிப்பட்ட அளவு இல்லை. "ஆவியாகும் பொருள்" என்று தனியாக ஒன்று கரிக்குள் அளந்து வைத்திருக்கவில்லை. சூடு பட்டதும் கரியே உடைந்து தார், மீத்தேன், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, நீராவி என்று பிரிந்து வெளியேறுகிறது. எவ்வளவு பிரியும் என்பதை வெப்பநிலை, சூடேறும் வேகம், நேரம், காற்று ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால்தான் தர நூல்கள் நான்கையும் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. இந்தியத் தரமான ஐ.எஸ். 1350 முதல் பகுதியின்படி, 212 மைக்ரான் சல்லடையில் இறங்கிய 1 கிராம் தூளை மூடியுள்ள சிலிக்கா குரூசிபிளில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) 900 டிகிரியில் சரியாக 7 நிமிடம் வைக்க வேண்டும். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 562 சொல்வதும் 900 டிகிரி, 7 நிமிடம். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி 3175-இல் நேரம் அதேதான், வெப்பநிலை மட்டும் 950.

ஆகவே எண் தவறினால் கரியைச் சந்தேகிக்கும் முன், அந்த நான்கில் எது நழுவியது என்று கேட்க வேண்டும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும்.

உலையைத் தொடும் முன் ஒரு கூட்டல்

உலையில் நாம் அளப்பது மொத்த எடை இழப்பு. அதிலிருந்து ஈரத்தைக் கழித்தால் வோலடைல். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மூடியோடு காலிக் குரூசிபிள் 12.4310 கிராம், மாதிரியோடு 13.4334, சூடாக்கி ஆறிய பின் 13.0123. மாதிரி 1.0024 கிராம், இழப்பு 0.4211 கிராம், அதாவது 42.01%. தனியாகப் பார்த்த ஈரம் 9.35% என்றால் வோலடைல் 32.66%.

இப்போது ஈரத்தைத் தவறாக 8.35 என்று அளந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வோலடைல் 33.66 ஆகிவிடும். ஆனால் இரண்டையும் கூட்டினால் அதே 42.01. நிலைக்கார்பனை (வாயு போன பின் எரிய மிஞ்சும் கார்பன்) 100-இலிருந்து ஈரம், சாம்பல், வோலடைல் மூன்றையும் கழித்துத்தானே எடுக்கிறோம்? ஈரத்தில் நடந்த தவறு அங்கே எட்டவே எட்டாது.

இதை அப்படியே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். சந்தேகமான இரண்டு முடிவுகளை எடுங்கள், இரண்டிலும் ஈரத்தையும் வோலடைலையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை ஒத்துப்போனால் தவறு ஈரத்தில். உலைப் பக்கமே போக வேண்டாம். கூட்டுத்தொகையே மாறி, சாம்பல் மட்டும் ஒன்றாக இருந்தால் தவறு உலையில், குரூசிபிளில் அல்லது தராசில். சாம்பலும் மாறினால் இரண்டும் ஒரே மாதிரிதானா என்பதையே முதலில் பாருங்கள். பொட்டலத்தைச் சரியாகக் கலக்காமல் மேலிருந்து அள்ளியிருக்கலாம்.

அறிகுறி: கூட்டுத்தொகை சரி, வோலடைல் மட்டும் ஆடுகிறது

ஈரத்துக்கு எடுத்த மாதிரியும் வோலடைலுக்கு எடுத்த மாதிரியும் ஒரே நேரத்தில் எடை போடப்படவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். நுண்ணிய தூள் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். இந்தோனேசியக் கரி, லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) போன்றவற்றில் இது மிக வேகம். வட சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஆய்வகங்களில் ஏ.சி. அறைக்கும் வெளி அறைக்கும் இடையே பொட்டலம் போய் வந்தாலே எண் நகரும். வழி எளிது: பொட்டலத்தைத் திறந்த அதே நேரத்தில் ஈரத்துக்கும் வோலடைலுக்கும் சாம்பலுக்கும் அடுத்தடுத்து எடை போட்டு மூடிவிடுங்கள். வோலடைலை நாளைக்குத்தான் போடப் போகிறீர்கள் என்றால் ஈரத்தையும் நாளைக்கே மறுபடி பாருங்கள். நேற்றைய ஈரத்தை இன்றைய இழப்பிலிருந்து கழிக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் மறைவானது. லிக்னைட் போன்ற இளங்கரி வகைகளைச் சாதாரணக் காற்று ஓவனில் 105–110 டிகிரியில் உலர்த்தும்போது ஒரு பக்கம் ஈரம் போகிறது, மறுபக்கம் கரி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. நிகர இழப்பு குறைந்து ஈரம் குறைவாகத் தெரியும். அந்தக் குறை அப்படியே வோலடைலில் கூடுதலாக ஏறிவிடும். இப்படிப்பட்ட கரிக்கு ஈரத்தை நைட்ரஜன் ஓட்டத்தில்தான் பார்க்க வேண்டும். ஓவனில் அதிக நேரம் வைத்தால் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடத் தொடங்குகிறதா? அப்படியானால் உங்கள் கரி இந்த வகைதான்.

அறிகுறி: எல்லா மாதிரிக்கும் வோலடைல் குறைவாக வருகிறது

உலை மீண்டெழவில்லை என்று பொருள். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவரை ஆய்வகங்களில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான்.

உலைக் கதவைத் திறந்து, அறை வெப்பநிலையில் உள்ள தாங்கியையும் அதில் ஆறு குரூசிபிளையும் உள்ளே வைத்தால் வெப்பநிலை சட்டென்று விழும். அந்த வீழ்ச்சியிலிருந்து 900-க்குத் திரும்ப உலைக்கு நேரம் பிடிக்கும். 4 நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 562. பழைய உலையில், சூடேற்றும் கம்பிச்சுருள் நைந்துபோன பிறகு, ஆறு குரூசிபிளோடு அது ஐந்து, ஆறு நிமிடம் கூட ஆகலாம். அப்போது 7 நிமிடத்தில் கரி 900 டிகிரியைப் பார்ப்பதே கடைசி ஒரு நிமிடம்தான். தர நூல் கேட்ட சூடு அதற்குக் கிடைக்கவே இல்லை.

சோதிப்பது எப்படி? காலிக் குரூசிபிள்களோடு தாங்கியை வையுங்கள், கடிகாரத்தை ஓட விடுங்கள், அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறியுங்கள். 4 நிமிடத்தில் திரும்பவில்லை என்றால் குரூசிபிள் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறுக்குப் பதில் நான்கு, அதற்கும் முடியவில்லை என்றால் இரண்டு. காலி இடங்களை அப்படியே விடாமல் காலிக் குரூசிபிள் வைத்து நிரப்புவது நல்லது. ஒவ்வொரு முறையும் உலை சுமக்கும் பாரம் ஒன்றாக இருந்தால் முடிவுகளும் ஒன்றோடொன்று பேசும். தாங்கி கனமான இரும்பில் செய்ததாக இருந்தால் அதை மாற்றி நிக்கல்-குரோமியம் கம்பித் தாங்கியாக ஆக்கிவிடுங்கள். கதவு சரியாக மூடுகிறதா, பின்பக்கக் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சாம்பல் பார்க்கும் உலையில் காற்றோட்டம் வேண்டும், வோலடைல் உலையில் கூடாது. ஒரே உலையில் இரண்டையும் செய்யும் இடங்களில் அந்தத் துளையை மூட மறப்பது சகஜம்.

திரையில் 900 என்று எரிந்தாலும் குரூசிபிள் இருக்கும் இடத்தில் 900 இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உலையின் தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரும் கம்பி) பின்சுவரில் இருக்கிறது. கதவுப் பக்கம் அதைவிடக் குளிர்ச்சி. கே வகைத் தெர்மோகப்பிள்கள் இந்தச் சூட்டில் மாதக்கணக்கில் உழைத்தால் நாளடைவில் விலகிப்போகவும் செய்யும். அளவுத்திருத்தம் செய்த வேறொரு தெர்மோகப்பிளைத் தாங்கியின் அடியில், குரூசிபிளின் அடிப்பாகத்துக்கும் உலைத் தரைக்கும் நடுவில் வைத்து ஒப்பிடுங்கள். அது கைவசம் இல்லாத அவசரத்தில் ஒரு தோராயச் சோதனை உண்டு: நீரற்ற சோடியம் சல்பேட் 884 டிகிரியில் உருகும். உடைந்த குரூசிபிள் துண்டில் ஒரு சிட்டிகை வைத்து, உலை நிலைத்த பிறகு தாங்கி இருக்கும் இடத்தில் சற்று நேரம் விட்டு எடுங்கள். உருகவில்லை என்றால் அந்த இடம் 900 இல்லை, சந்தேகமே வேண்டாம். உருகினால் மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள். அது 890-ஆகவும் இருக்கலாம், 930-ஆகவும் இருக்கலாம்.

அறிகுறி: வோலடைல் கூடுதல், மீதிக்கரியின் மேல் வெள்ளை படர்ந்திருக்கிறது

காற்று புகுந்திருக்கிறது. வாயு வெளியேறி முடித்த பிறகு மூடி வழியாக ஆக்சிஜன் உள்ளே போய் நிலைக்கார்பனையே எரித்துவிட்டது. எரிந்ததெல்லாம் இழப்புக் கணக்கில் சேர்ந்து வோலடைலாக மாறிவிடும். 1 கிராம் மாதிரியில் 10 மில்லிகிராம் எரிந்தால் முடிவு ஒரு முழு சதவீதம் ஏறும்.

மூடியைப் பாருங்கள். மூடியும் குரூசிபிளும் ஜோடியாக இருக்க வேண்டும். இடைவெளி அரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உடைந்த மூடிக்குப் பதிலாக வேறு தொகுதியிலிருந்து ஒன்றைப் போட்டு ஓட்டுவதுதான் இந்தப் பிரச்சினையின் ஊற்றுக்கண். மூடியை வைத்து விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், ஆடினால் ஒதுக்குங்கள். ஜோடிகளுக்கு எண் போட்டு, அந்த எண்ணை மாற்றாமல் பயன்படுத்துங்கள்.

அடுத்து நேரம். 7 நிமிடம் என்றால் 7 நிமிடம்தான். போன் வந்தது, எட்டரை நிமிடம் ஆகிவிட்டது என்றால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பிறகு, உலையிலிருந்து எடுத்ததும் என்ன செய்கிறீர்கள் என்பது. செக்கச்செவேல் என்றிருக்கும் குரூசிபிளின் மூடியை "உள்ளே எப்படி இருக்கிறது, பார்ப்போம்" என்று திறந்தால் அங்கேயே எரியத் தொடங்கிவிடும். மூடியோடு தடித்த உலோகத் தட்டின் மேல் வைத்து வேகமாகச் சூட்டை இறக்கி, அப்புறம் டெசிகேட்டருக்கு (ஈரம் புகாத மூடிய கண்ணாடிக் கலம்) மாற்றுங்கள். திறந்து பார்ப்பது எடை போட்ட பிறகு.

அறிகுறி: தாங்கியிலும் உலைத் தரையிலும் கறுப்புத் துகள்கள்

இதுவும் கூடுதல் வோலடைலையே காட்டும், ஆனால் காரணம் வேறு. உள்ளே வைத்த சில நொடிகளில் நீராவியும் வாயுவும் ஒரே மூச்சில் கிளம்பி, திடத் துகள்களையும் மூடியிடுக்கு வழியாக அடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. கதவு விளிம்பில் பொறிகள் தெரியும். எடுத்த பிறகு குரூசிபிளைச் சுற்றி மிளகுத்தூள் தூவினாற்போல் கரி கிடக்கும். கிடந்தால் அந்த முடிவு செல்லாது. துடைத்துவிட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொள்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் துரோகம்.

லிக்னைட்டில் இது கிட்டத்தட்ட உறுதி. நெய்வேலி லிக்னைட் சுரங்கத்திலிருந்து வரும்போது எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். காற்றில் உலர்த்திய பிறகும் கணிசமான ஈரம் மிஞ்சும். அதை நேராக 900 டிகிரிக்குள் தள்ளினால் தண்ணீர் கொதித்து வெடிக்காமல் என்ன செய்யும்? பழுப்பு நிலக்கரிக்கு இரண்டு உலை முறை இருக்கிறது: முதலில் 400 டிகிரியில் 7 நிமிடம், உடனே 900 டிகிரி உலைக்கு மாற்றி இன்னும் 7 நிமிடம். ஏ.எஸ்.டி.எம். வழியில் செய்பவர்களுக்கு, பொறி பறக்கும் எரிபொருளுக்கென்றே தனி நடைமுறை உண்டு. 6 நிமிடத்தில் படிப்படியாக 600 டிகிரி பக்கம் கொண்டுபோய், பிறகு 950 டிகிரியில் 6 நிமிடம். எதைப் பின்பற்றினாலும் அறிக்கையில் அதை எழுத வேண்டும். சூடேறும் வேகம் மாறினால் எண்ணும் மாறும் என்பதால், சாதாரண முறை எண்ணையும் மெதுமுறை எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

சாதாரண நிலக்கரியிலேயே துகள் பறந்தால், தூள் அளவைச் சல்லடையில் மறுபடி சோதியுங்கள், மாதிரியைக் குரூசிபிளில் போட்ட பிறகு சுத்தமான கெட்டித் தளத்தில் லேசாகத் தட்டி அடிப்பாகம் முழுக்கச் சமமாகப் பரப்புங்கள். ஒரு மூலையில் குவிந்த தூள் ஒரு பக்கமாகச் சீறும்.

அறிகுறி: இரண்டு குரூசிபிளுக்கு இடையே ஒப்புமை இல்லை

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஓ. 562-இன்படி வோலடைல் 10%-க்குக் குறைவான கரியில் 0.3, அதற்கு மேல் சராசரியில் 3%. அதாவது 33 வரும் கரிக்கு ஏறத்தாழ 1 வரை இடம் உண்டு. 32.7-ம் 33.2-ம் வந்தால் பதறத் தேவையில்லை.

எல்லையைத் தாண்டினால், தாங்கியில் எந்த இடத்தில் இருந்தது எது என்று பாருங்கள். கதவுப் பக்கத்தது எப்போதும் குறைவு, பின்பக்கத்தது எப்போதும் அதிகம் என்றால் உலையின் சூடு சீராக இல்லை. சீரான பகுதியை அளந்து, அதற்குள் மட்டும் குரூசிபிள் வையுங்கள். இட வேறுபாடு ஒழுங்காக இல்லை, குறிப்பிட்ட ஒரு குரூசிபிள்தான் எங்கே வைத்தாலும் தவறுகிறது என்றால் குற்றவாளி அந்த மூடி.

காலிக் குரூசிபிளின் எடையும் சில நேரம் ஏமாற்றும். முந்தைய ஓட்டத்தின் புகைக்கரி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். மார்க்கர் மையில் எழுதிய எண் சூட்டில் எரிந்துபோகும். இரண்டுமே மாதிரியின் இழப்பாகக் கணக்கில் வரும். திறந்த நிலையில் நன்றாக எரித்துச் சுத்தம் செய்துவிட்டு, காலிக் குரூசிபிளை மூடியோடு 900 டிகிரியில் 7 நிமிடம் சுட்டு, மாதிரிக்கு ஆற வைக்கும் அதே விதத்தில் ஆற வைத்து எடை போடுங்கள்.

அறிகுறி: தராசில் எண் நிற்காமல் ஓடுகிறது

எண் குறைவிலிருந்து மெதுவாக ஏறினால் குரூசிபிள் இன்னும் சூடாக இருக்கலாம். சுற்றியுள்ள காற்று மேலெழுந்து எடையைக் குறைத்துக் காட்டும், ஆற ஆற ஏறும். முழுக்க ஆறிய பிறகும் ஏறிக்கொண்டே போனால் மீதிக்கரி அறையின் ஈரத்தைக் குடிக்கிறது. டெசிகேட்டரின் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டதா, பாருங்கள். நீலமாகும் வரை ஓவனில் காய வையுங்கள். எடுத்தவுடன் மூடியோடு எடை போட்டு முடியுங்கள்.

அறிகுறி: சாம்பல் அதிகமான கரியில் வோலடைல் நம்ப முடியாத உயரத்தில்

இங்கே உலையும் சரி, கையும் சரி. கரியோடு வந்த மண்தான் பேசுகிறது. ஒடிசாவின் தால்சேர், இப் பள்ளத்தாக்குச் சுரங்கங்களிலிருந்து தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கு வருவது போன்ற சாம்பல் மிகுந்த கரியில் களிமண் தாதுக்கள் ஏராளம். கயோலினைட் தன் எடையில் சுமார் 14% நீரைப் படிகத்துக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறது. 108 டிகிரி ஓவனில் அது அசையாது. ஈரக் கணக்கில் வராது. 900-இல் முழுக்க வெளியேறி வோலடைல் கணக்கில் ஏறிவிடும்.

எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். சாம்பல் 40%, ஈரம் 6%, வோலடைல் 24% என்று வைப்போம். ஈரமும் சாம்பலும் நீங்கிய அடிப்படைக்கு மாற்றினால் 24-ஐ 54-ஆல் வகுக்க, 44.4%. சாம்பல் முழுவதும் கயோலினைட்டிலிருந்து வந்தது என்று உச்சபட்சமாக எடுத்துக்கொண்டால், மூலத் தாது 46.5, அதிலிருந்து போன நீர் 6.5. உண்மையான கரிமப் பகுதியின் வோலடைல் 17.5-ஐ 47.5-ஆல் வகுத்து 36.8%-தான். நடைமுறையில் உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். இதனால்தான் சாம்பல் மிகுந்த கரியை "ஈரமும் சாம்பலும் நீங்கிய" வோலடைல் எண்ணை மட்டும் வைத்து வகைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சுண்ணாம்புத் தாது இருந்தாலும் இதே கதைதான். கரியில் 1% கால்சியம் கார்பனேட் இருந்தால் அது சிதைந்து 0.44% கார்பன் டை ஆக்சைடைக் கொடுக்கும். தூளின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட்டைத் தனியாக அளந்து கழித்துக் காட்ட வேண்டும்.

அறிகுறி: மீதிக்கரி உப்பி மூடியைத் தள்ளியிருக்கிறது

இது கோக்குக்கு (காற்றில்லாமல் சுட்டு வாயு நீக்கிய கரி) ஏற்ற, சூட்டில் இளகி உப்பும் கரி. சாம்பல் நிற உலோகப் பளபளப்போடு பொத்தான் மாதிரிக் கட்டியாகியிருக்கும். மூடி தூக்கப்பட்டிருந்தால் காற்று புகுந்திருக்கும், முடிவை ஏற்காதீர்கள். தூளைச் சமமாகப் பரப்பி மறுபடி செய்யுங்கள். மீதி எப்படி இருந்தது, தூளா, ஒட்டிய கட்டியா, உப்பிய பொத்தானா என்று பதிவேட்டில் ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். மாதிரிகள் மாறிப்போனால் பல முறை அந்த ஒரு வார்த்தைதான் காட்டிக்கொடுக்கும்: தூளாக மிஞ்ச வேண்டிய கரி பொத்தானாக வந்தால் பொட்டலம் மாறியிருக்கிறது.

அறிகுறி: கோக் மாதிரியில் எண் தாறுமாறு

கோக்கில் வோலடைல் ஒன்றிரண்டு சதவீதம்கூட இருக்காது. குரூசிபிளில் இருக்கும் காற்றை வெளியே தள்ள அதனிடம் போதிய வாயு இல்லை. அந்தக் காற்றே கார்பனை எரித்து எண்ணைக் குழப்பிவிடும். எடை போட்ட பிறகு மூடியைத் திறந்து 2 முதல் 4 சொட்டு சைக்ளோஹெக்சேன் விட்டு மூடி உலையில் வைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 562. அது ஆவியாகிக் காற்றை விரட்டிவிடும். சட்டென்று தீப்பற்றும் திரவம் என்பதால் புட்டியை உலை மேஜைக்குக் கொண்டுவரவே வேண்டாம். தராசுப் பக்கத்திலேயே சொட்டு விட்டு மூடி எடுத்து வாருங்கள்.

அறிகுறி: நம் எண்ணும் அடுத்த ஆய்வகத்தின் எண்ணும் பொருந்தவில்லை

சண்டைக்குப் போகும் முன் இரண்டு அறிக்கைகளின் தலைப்பைப் படியுங்கள். ஒன்று 900 டிகிரி, மற்றது 950 என்றால் வித்தியாசம் வரத்தான் செய்யும். அடிப்படையையும் பாருங்கள்: வந்தபடியா, காற்றில் உலர்ந்ததா, ஈரம் நீங்கியதா, ஈரமும் சாம்பலும் நீங்கியதா? முன்பு சொன்ன கரியையே எடுத்தால், காற்றில் உலர்ந்த 32.66, ஈரம் நீங்கிய அடிப்படையில் 36.03 ஆகிவிடும், அதே கரி, அதே குரூசிபிள். முறையும் அடிப்படையும் ஒன்றாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் இரு தரப்பும் ஒரே சான்றளிக்கப்பட்ட மேற்கோள் கரியை (வோலடைல் அளவு முன்பே உறுதி செய்யப்பட்ட மாதிரி) ஓட்டிப் பாருங்கள். மேற்கோள் கரியின் வோலடைல் உங்கள் மாதிரியினுடையதற்கு அருகில் இருக்கட்டும். 15% கரியில் சரியாக வரும் உலை 40% கரியில் தடுமாறலாம். அந்த எண் சான்றிதழ் வரம்புக்குள் வந்தால், உலையை விட்டுவிட்டு, மாதிரி எடுத்த இடத்துக்கும் பொட்டலம் பிரித்த முறைக்கும் போங்கள்.